நூலிழையில் தப்பும் கப்பல்கள்
கப்பல் மூழ்கினால் அரசுக்கு அறிக்கை வருகிறது, விசாரணையும் நடைபெறுகிறது. மூழ்கவிருந்து நூலிழையில் தப்பிய கப்பலைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் வருவதில்லை. கடற்பயணப் பாதுகாப்பிலுள்ள பெருங்குறை இதுவே எனலாம்.

1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியத்தின் சீபுரூகே துறைமுகத்தினின்று புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பிரிட்டிஷ் பயணிக் கப்பல் சிறிது நேரத்திலேயே கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். வாகனங்கள் ஏறும் முன்கதவுகள் மூடப்படவில்லை. மூட வேண்டிய ஊழியர் உறங்கிவிட்டார். அந்நிறுவனத்தின் கப்பல்கள் அதற்கு முன்னரே குறைந்தது ஐந்து முறை கதவு திறந்த நிலையில் கடலுக்குச் சென்றிருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தது. 1983-இல் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியிலும் ஊழியரின் உறக்கமே காரணம். அவற்றுள் சில நிர்வாகத்திற்குத் தெரிந்திருந்தும், மற்றக் கப்பல் தலைவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. கதவு மூடியுள்ளதைக் காட்டும் விளக்கு வேண்டுமென 1985-இல் கப்பல் தலைவர் ஒருவர் எழுதியதும் ஏளனத்துடன் ஒதுக்கப்பட்டது. விபத்திற்குப் பின் சில நாட்களிலேயே எஞ்சிய கப்பல்களில் அவ்விளக்குகள் பொருத்தப்பட்டன. செலவு அத்துணைச் சிறிது!

இவ்விபத்தின் விளைவுகளுள் ஒன்று, 1998 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பு. விபத்துகளை மட்டுமன்றி, அபாய நிலைகளையும் நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. விதி வந்துவிட்டது, அறிக்கைகள் அதே அளவில் வந்துவிடவில்லை.

மாலுமி ஏன் தயங்குகிறார்? பொருளாதார நோக்கில் விடை எளிது. அறிக்கையால் விளையும் பயன் எல்லாக் கப்பல்களுக்கும் பரவுகிறது. அதன் விலையோ எழுதியவர் ஒருவர் தலையில் விழுகிறது. சில மாத ஒப்பந்தத்தில் பணிபுரிபவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமற் போகலாம். நேர்மையின்மை என்று இதனைக் கடிந்து பயனில்லை.

விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய திட்டத்தில் விமானிகளின் அறிக்கைகளைப் பெறுவது ஒழுங்குமுறை அமைப்பு அன்று. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. பெயர் நீக்கப்படுகிறது. வேண்டுமென்றே செய்யாத தவற்றைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாக அபராதம் விதிக்கப்படுவதில்லை. கப்பல் துறையிலும் லண்டனிலுள்ள கடல்சார் கழகம் 1992 முதல் இத்தகைய அறிக்கைகளைப் பெயரின்றி வெளியிட்டு வருகிறது.

இந்தியாவில் மாலுமிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்குவதும், அதனை நிறுத்தி வைக்க வல்லதும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமே. தம் தவற்றையும் அதே அலுவலகத்திற்கே எழுத வேண்டுமாயின் எவருக்கும் கை தயங்கும். ஆகவே, அறிக்கையைப் பெறுவோர் தண்டிக்கும் அதிகாரம் அற்றவராகவும், பெயரை நீக்கிய பின்னரே பிற கப்பல்களுக்கு அனுப்புபவராகவும் இருத்தல் வேண்டும்.