அதிர்வை அடக்கும் ரப்பர்



வீட்டில் பாட்டுக் கேட்கிறோம். தவில் ஒலி உயரும்போது அலமாரியிலுள்ள தம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. அடுத்த வீட்டுச் சுவரும் அதிர்கிறது. தாத்தா காலத்து இசைத்தட்டைச் சுழலவிட்டால், சில வேளைகளில் பாட்டை அமுக்கிக்கொண்டு 'ஊ' என்று ஓர் ஊளைச் சத்தம் எழுகிறது. பெட்டி கெட்டுவிட்டது என்று உடனே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். அதை வைத்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

ஒலி என்பது அதிர்வு. ஒலிபெருக்கியின் அசைவு மேசைக்கு இறங்குகிறது. அதே மேசையில் இசைத்தட்டு சுழன்றால், அதன் ஊசியும் சேர்ந்து அசையும். இது தட்டிலிருந்து வந்த அசைவா, மேசையிலிருந்து வந்த அசைவா என்று ஊசிக்குத் தெரியாது. இரண்டையும் அனுப்பிவிடும். அது பெருகி ஒலிபெருக்கியில் வந்து, மறுபடியும் மேசையை அசைக்கும். இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அந்த ஊளை. ஆகவே இரண்டையும் தனித்தனி மேசையில் வையுங்கள்.

அடுத்து, பொருளைத் தெரிந்தெடுக்க வேண்டும். பூசை மணியை அடித்துவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். ஓசை உடனே அடங்கும். உலோகம் அதிர்வை நெடுநேரம் வைத்திருக்கும். மென்மையான விரல் அதை உறிஞ்சிவிடும். மெல்லிய தகரமும் மெல்லிய பலகையும் எளிதில் அதிரும். கனமான பொருளை அசைப்பது கடினம். எனவே பெட்டிக்கு அடியில் ஒரு சிமெண்டுக் கல்லும், கல்லின் நான்கு மூலைகளுக்கு அடியில் ரப்பர்த் துண்டுகளும் வையுங்கள். பழைய சைக்கிள் டியூபை மடித்து வைத்தாலும் பயன்படும். பாரத்தில் ரப்பர் சற்றே அமுங்க வேண்டும். அமுங்காத கட்டி ரப்பரும், முழுவதும் நசுங்கிப்போன ரப்பரும் பயன்தரா. மெருகிட்ட மரத்தில் ரப்பர் கறை பிடிக்கும். இடையில் ஓர் அட்டையை வையுங்கள்.

இந்தச் சிறிய உபாயத்தை உலகம் பெரிய அளவில் கையாண்டிருக்கிறது. 1966இல் இலண்டனில் சுரங்க ரயில் நிலையத்தின் மேல் கட்டப்பட்ட ஆல்பனி கோர்ட் என்னும் குடியிருப்பு, ரயிலின் அதிர்வு ஏறாதபடி ரப்பர் மெத்தைகள் மீது நிறுத்தப்பட்டது. 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம், பூகம்பத்தைத் தாங்குவதற்காக ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிய மெத்தைகள் மீது எழுந்தது. அதற்கான ரப்பர்க் கலவையை உருவாக்கியது, இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகம். வெறும் ரப்பர் பந்துபோல் துள்ளும். கரித்தூள் முதலியவற்றைச் சேர்த்து, அதிர்வை உறிஞ்சும்படி அதைப் பக்குவப்படுத்தினார்கள்.

ஜொகூரில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். நம் வீட்டுத் தரை, கீழ்வீட்டாருக்குக் கூரை. தம்போயிலிருந்து விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறவரின் உறக்கம் நம் கையில் இருக்கிறது. தரை வழியாக இறங்கும் அதிர்வை ரப்பர் குறைக்கும். காற்று வழியாகப் போகும் சத்தத்தை அதனால் தடுக்க முடியாது. இரவில் ஒலியைக் குறைப்பது நம் பொறுப்பு.

நம் பெற்றோர் பனியில் நனைந்து சீவிய பால், கடல் கடந்து கட்டடங்களைத் தாங்குகிறது. அதில் நான்கு துண்டு நம் வீட்டுப் பெட்டியையும் தாங்கட்டும்.