கண் காணாத சுருள்



சென்ற தை அமாவாசை முன்னிரவில், ஆரணியாற்றங்கரையில் ஆறு அங்குல ஆடித் தொலைநோக்கியை ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின்பால் திருப்பினோம். கண்டது வெண்புகைத் திட்டு ஒன்றே. கிழக்கே கும்மிடிப்பூண்டி ஆலைகளின் விளக்கொளி வானை வெளுக்கச் செய்திருந்தது. "இவ்வளவுதானா, அம்மா?" என்றாள் என் மாணவி. 25 இலட்சம் ஆண்டுகள் பயணித்து வந்த ஒளிக்கு இந்த வரவேற்பு!

1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு, 72 அங்குல ஆடியின் துணையால் வேறொரு மண்டலத்தின் சுருளைக் கண்ணாலேயே கண்டு வரைந்தார். நமக்கு வாய்த்ததோ பொறுமை ஒன்றே. கண் ஒளியைச் சேமிப்பதில்லை. நிழற்படக் கருவி சேமிக்கும். புவிச் சுழற்சிக்கு ஈடாக மின்பொறி தொலைநோக்கியை நகர்த்த, முப்பது நொடிப் படங்கள் 120 எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினோம். இருண்ட தூசிப் பட்டையும் வளைந்த கரமும் மெல்ல வெளிப்பட்டன. கண்டவுடன் பாடுவதே கவிதை என்பாரோடு அன்றுமுதல் எனக்கு உடன்பாடில்லை.

மாணவி மீண்டும் தொலைநோக்கியில் கண்வைத்தாள். அதே புகைத்திட்டுதான். நெடுநேரம் எழவில்லை.