பிரட்டுக்களத்திலிருந்து பதுளை மறியல் வரை



சிறைச்சாலை வரலாறு என்றதும் வெலிக்கடையை எதிர்பார்த்திருப்பீர்கள். அது 1841இல் கட்டப்பட்டது. கண்டியில் போகம்பரை 1876இல் எழுந்தது. மறு ஆண்டே 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சிறைகளை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. பொலிஸ் தலைவரே சிறைகளுக்கும் தலைவர் என்றிருந்த நிலை மாறி, 1905இல் தனித் திணைக்களம் பிறந்தது. திணைக்களத்தின் கதை இவ்வளவில் நிற்கட்டும். தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரைப் பசறை வழியாகப் பதுளை மறியலுக்கு ஏன் கொண்டுபோனார்கள் என்று அந்தக் கதை சொல்லாது. அதற்கு வேறொரு சட்டத்தைப் புரட்டவேண்டும்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தவரையும் அது மாத ஒப்பந்தக்காரராகவே கணக்கில் எடுத்தது. மாதம் முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே நீளும். முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போனாலும், வேலைக்கு மறுத்தாலும், துரையிடம் மரியாதை குறைந்தாலும் குற்றம். மூன்று மாதம் வரை கடூழியம் கிடைக்கும். மரியாதை எந்த இடத்தில் குறைந்தது என்பதைத் துரைதான் சொல்லவேண்டும். அந்தத் துரைமாரிற் சிலர் சமாதான நீதவான்களாகவும் இருந்தார்கள்! மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கூலி கொடுக்கவேண்டும் என்ற சட்டம் 1889இல்தான் வந்தது. அப்படியென்றால், இரண்டு மாதக் கூலியைப் பிடித்துவைத்திருப்பது அதன் பிறகும் குற்றமில்லை. கூலி நிலுவையில் கிடக்க, கங்காணியிடம் கடன் வளரும். அந்தக் கடன் தொகை எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய மாட்டார்கள். பொறுக்கமுடியாமல் இரவோடிரவாக ஓடியவருக்குப் பின்னால் பிடியாணை வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆள் மறியலில் இருந்தால் கொழுந்து பறிப்பது யார்? சிறை நிரம்புவதில் துரைக்கு இலாபமில்லை. பிடியாணையின் பயமே அவருக்குப் போதும். ஆகவே அக்காலச் சிறைப் பதிவேடுகளில் தோட்டத்துப் பெயர்களை எண்ணி இந்தச் சட்டத்தின் பலத்தை அளக்கமுடியாது. பிடிபட்டு வழக்கில்லாமலே மறுபடியும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்றவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கி இந்தத் தண்டனைக்கு எதிராக வாதாடினார். 1921, 22 ஆண்டுகளில் துண்டும் போனது, வேலையை விட்டதற்கான சிறையும் போனது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. வேலை நீக்கப்பட்டவர் காம்பிராவை விட்டு இறங்காவிட்டால் அத்துமீறல் என்று குற்றவியல் வழக்கு வரும். 1950இல் இப்படியொரு வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை போனது. குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்க நினைப்பது மற்றவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கமாகாது என்று அங்கே தீர்ந்தது. ஒரு லயத்து அறைக்காக லண்டன் வரை போன அந்த வழக்கை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கவேண்டும்.

சிறையைப் பற்றிப் பேசும்போது நம் பதுளை மாவட்டத்தின் இன்னொரு பெயரையும் தாண்டிப் போக முடியாது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அரசின் பொறுப்பில் இருந்த தமிழர் 27 பேரை ஒரு கும்பல் கொன்றது. பொலிசார் அங்கேயே நின்றனர். வழக்கில் எஞ்சியிருந்த குற்றஞ்சாட்டப்பட்டவர்களையும் 2005இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

இன்று இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனைக் கைதிகளாகப் போவோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாதவர்கள். கசிப்பு வழக்கு முதலான சிறு வழக்குகளில் தோட்டத்து ஏழைகளும் அப்படித்தான் போகிறார்கள். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலையை நீதவான் விதிக்கலாம். தண்டம் கட்ட நகை அடகு வைக்கப் புறப்படுமுன், இப்படியொரு வழி இருப்பதை அந்தக் குடும்பத்துக்கு நம்மில் ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது.