போனவரும் வந்தவரும்: நகரக் கலவரங்களும் அயல்நாட்டுச் செய்தியும்

அயல்நாட்டுக் கலவரச் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிப் படத்தோடுதான் வருகிறது. எரியும் வண்டி, கேடயம் பிடித்த காவலர், முகம் தெரியாமல் ஓடும் இளைஞர். அந்தப் படத்தின் கீழே ‘குடியேறிகள்’ என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால், காரணமும் சொல்லியாயிற்று என்று வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். எந்தத் தெரு, எத்தனை மணி, சண்டை எதில் தொடங்கியது, கூட்டத்தில் இருந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்ற விவரங்கள் மறுநாளைக்குத் தள்ளிப்போகின்றன. மறுநாள் வேறு செய்தி வந்துவிடுகிறது.

இந்தப் பொருளை ஆராயப் புளியங்குடி தகுந்த ஊர். எலுமிச்சை மண்டிக்குப் பேர்போன இந்த ஊரிலும், இதையொட்டிய கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலும் வெளிநாடு போன ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடையநல்லூர்க்காரர்கள் பலர் சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் குடியேறி வாழ்ந்தவர்கள். அவர்களது சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் ‘சபராளி’ என்று மதிப்போடு சொல்லும் வழக்கம் தென்தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் உண்டு. இப்படி ஊர்விட்டுப் பிழைக்கச் செல்வதைச் சொல்லத் தமிழில் இரண்டு வினைகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளை ‘பிழைக்கப் போனவர்’. நம் ஊருக்கு வேலை தேடி வருகிறவர் ‘பிழைக்க வந்தவர்’. முதல் சொல்லில் பரிவு இருக்கிறது. இரண்டாவது சொல்லில் ஒரு விலக்கம் இருக்கிறது. உலகெங்கும் கலவரச் செய்திகளை எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் வினையில்தான் எழுதுகிறார்கள்.

தமிழர் இந்தச் செய்திக்குள் நேரடியாக அகப்பட்ட நிகழ்வு 2013 டிசம்பர் 8ஆம் தேதி சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டடத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. தேக்கா என்று அழைக்கப்படும் அப்பகுதிக்கு வந்து ஊருக்குப் பணம் போட்டு, மளிகை வாங்கி, ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு, இரவில் தனியார் பேருந்தில் தங்குவிடுதிக்குத் திரும்புவது அவர்கள் வழக்கம். அப்படி ஒரு பேருந்தில் ஏறி, இறங்கச் சொல்லப்பட்ட 33 வயதுத் தொழிலாளி ஒருவர், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர், ரேஸ் கோர்ஸ் சாலைத் திருப்பத்தில் அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அப்போது இரவு 9.20 மணியைத் தாண்டியிருந்தது. மீட்புப் படையினர் வந்தபோது கூட்டம் கண்டதும் நடந்ததும் ஒன்றாக இருக்கவில்லை. ஓட்டுநரையும் பேருந்தின் பெண் பணியாளரையும் காப்பாற்றுகிறார்கள், சக்கரத்தடியில் கிடப்பவரைக் கவனிக்கவில்லை என்று பலர் எண்ணிவிட்டனர். அதன்பின் கல்லும் பாட்டிலும் பறந்தன. சுமார் 300 பேர் இரண்டு மணி நேரம் வரை கலவரத்தில் இறங்கினர். 23 அவசரப்பணி வண்டிகள் சேதமாயின. அவற்றில் 5 எரிந்துபோயின. 1969க்குப் பிறகு அந்த நாட்டில் இப்படி ஒரு கலவரம் நடந்ததில்லை.

விசாரணைக் குழு ஒரு சாட்சியைக்கூடக் கேட்கத் தொடங்கியிராத டிசம்பர் 27ஆம் தேதியே, நியூயார்க் டைம்ஸ் இதழின் தலையங்கம் இதைப் புலம்பெயர் தொழிலாளரின் கோபம் என்று எழுதியது. அமெரிக்காவிலிருந்த சிங்கப்பூர்த் தூதர் அதை மறுத்து எழுதினார். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. விபத்து, அதைப் பற்றிய தவறான எண்ணம், மது ஆகியவைதாம் காரணங்கள், வேலைநிலைமை மீதான அதிருப்தி காரணமன்று என்பது அதன் முடிவு. இதற்கிடையில் 57 பேர் நீதிமன்ற விசாரணையின்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். 25 பேர் மீது வழக்குப் பதிவானது. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 வரை மது அருந்துவதைத் தடை செய்தது.

தலையங்கமும் அறிக்கையும் மோதிக்கொண்டதாகத் தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன. அந்த இரவு எப்படி மூண்டது என்பது ஒரு கேள்வி. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனை அடைக்க மாதக்கணக்கில் உழைக்கும் ஒருவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியின் விடையை முதல் கேள்விக்கு விடையாக வைத்ததுதான் அயல்நாட்டு இதழின் பிழை. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வியும் தீர்ந்துவிட்டதாகக் கொள்வதும் அதற்குக் குறையாத பிழை. தமிழ்நாட்டு ஏடுகளுக்கோ அது இறந்தவர் வீட்டுச் செய்தியாகவும் கைதானவர் பட்டியலாகவும் முடிந்துபோயிற்று. தங்குவிடுதிக்குள் எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்பதை உலகப் பத்திரிகைகள் விரிவாக எழுதியது 2020 ஏப்ரலில், அங்கே கொரோனா பரவியபோது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த விடுதிகளில் இருந்தனர். 2013 டிசம்பரிலும் இத்தகைய விடுதிகள் அங்கே இருந்தன.

எது செய்தியாகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் நார்வே நாட்டவரான யோகான் கால்டுங், மாரி ரூகே இருவரும் முன்னோடிகள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்பதைப் பார்த்து 1965இல் அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது. திடீரென்று நடப்பது, கெட்டதாக நடப்பது, வாசகர் ஏற்கெனவே எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போவது ஆகியவை எளிதில் செய்தியாகின்றன என்பது அதன் சாரம். மெல்ல நடப்பது எதுவும் அதில் தேறாது. குடியேற்றமோ மெல்ல நடக்கும் காரியம். 1967இல் அமெரிக்க நகரங்களில் நடந்த கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், 1968இல் தன் அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியது. டெட்ராய்டு நகரச் சேதம் 20 கோடி டாலர் முதல் 50 கோடி டாலர் வரை என்று முதலில் செய்தி வந்தது. பின்னர் செய்த மதிப்பீடுகளில் மிக அதிகமானதே 4.5 கோடி டாலர்தான். சொந்த நாட்டு நகரத்திலேயே கணக்கு இவ்வளவு பிசகும் என்றால் வேற்று நாட்டு நகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

2005 அக்டோபர் 27இல் பாரிசை அடுத்த கிளிஷி-சூ-புவாவில் காவலரிடமிருந்து ஓடிய இரண்டு சிறுவர்கள் மின்நிலையத்துக்குள் புகுந்து இறந்தபின் மூன்று வாரம் நீடித்த கலவரத்தை, வெளிநாட்டுச் செய்திகள் பாரிஸ் நகரமே எரிவதாகக் காட்டின. எரிந்தவை புறநகர்கள். தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பிரான்சிலேயே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள். ஆனாலும் அவர்கள் ‘குடியேறிகள்’ ஆகவே எழுதப்பட்டனர். அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் 2015 ஜனவரியில் ஒரு படி மேலே போனது. இங்கிலாந்தின் பர்மிங்காம் முழுக்க முஸ்லிம்களின் நகரம், பிறர் அங்கே போவதில்லை என்று அதில் ஒருவர் பேசினார். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த நகரில் முஸ்லிம்கள் 22 விழுக்காட்டினர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் சிறுமிகள் கத்தியால் குத்தப்பட்டபோது, குற்றவாளி அண்மையில் வந்த அகதி என்ற பொய் ஒரு போலிப் பெயரோடு பரவியது. கைதானவர் பிரிட்டனிலேயே, கார்டிஃபில் பிறந்தவர். அதற்குள் அகதிகள் தங்கிய விடுதிகளுக்குத் தீ வைக்கும் அளவுக்கு நிலைமை போய்விட்டது.

அயல்நாட்டுச் செய்தியாளரைக் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்துவது நியாயமாகாது. 1983 ஜூலை 24ஆம் தேதி இரவு கொழும்பு பொரளையில் தொடங்கிய வன்முறையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, இலங்கைப் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. இறந்தோர் எண்ணிக்கையை அரசு சில நூறு என்றது; தமிழர் தரப்பு 3,000 வரை சொன்னது. நடந்ததை வெளியே கொண்டுவந்ததில் வெளிநாட்டு நிருபர்களுக்கும் இந்தியப் பத்திரிகைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. பிபிசி தமிழோசைக்காக வானொலியைத் திருகியபடி காத்திருந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். உள்ளூர்க் குரல் அடைக்கப்படும் இடத்தில் அயலார் சாட்சியம் உயிர்காக்கும் பொருளாகிறது.

2023 மார்ச் மாதம் தமிழ்நாடு கூண்டின் மறுபக்கத்தில் நின்றது. திருப்பூரிலும் கோவையிலும் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாகச் சில காணொளிகள் வட இந்தியாவில் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு குழுவினரிடையே நடந்த தகராறு, மற்றொன்று கோவை உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று மாநிலக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். மார்ச் 8 ஹோலிக்கு ஊர் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டம்கூட உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் வந்தன. லிட்டில் இந்தியாவைப் பற்றி அமெரிக்க இதழ் எழுதியபோது சிங்கப்பூருக்கு ஏற்பட்ட அதே மனவருத்தம் அப்போது தமிழருக்கு ஏற்பட்டது: எங்கள் ஊரை எங்களிடம் கேட்காமல் எழுதுகிறார்களே என்று.

அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே தமிழ்ச் செய்தியில் திருட்டு வழக்கில் உள்ளூர் ஆள் பிடிபட்டால் அவர் ‘வாலிபர்’. வெளியூர் ஆள் பிடிபட்டால் அவர் ‘வடமாநில வாலிபர்’. ‘வடக்கன்’ என்ற சொல் பேச்சிலும் சமூக ஊடகங்களிலும் எவ்விதக் கூச்சமும் இன்றி நடமாடுகிறது. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து தமிழ்நாட்டுப் பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவருக்கு, அவர் சொந்தக் கிராமத்தில் ‘போனவர்’ என்றுதான் பெயர். அங்கேயும் ஒரு தாய் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், 2013 டிசம்பர் 9ஆம் தேதி காலை புதுக்கோட்டையிலும் கடையநல்லூரிலும் உட்கார்ந்திருந்ததைப் போலவே.

இந்தப் பொருளை ஆராயும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் நாளிதழ்களின் 2013 டிசம்பர் இதழ்களையும் 2023 மார்ச் இதழ்களையும் நூலகத்தில் எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். தொழிலாளி ‘போனவர்’ ஆக வரும் பக்கத்தில் எத்தனை பெயர்கள், எத்தனை ஊர்கள் இருக்கின்றன, ‘வந்தவர்’ ஆக வரும் பக்கத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள்.