படிப்புக் கடனும் யூபிலி விடுதலையும்

(நமது பங்கின் யூபிலி விழாவையொட்டி ஆலய வளாகத்தில் நடைபெற்ற பெற்றோர், மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஏரிக்கரையில் கல்வியின் மேன்மையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தாம் வலையிழுத்தாலும் தம் பிள்ளை பேனா பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படாத தகப்பனார் இங்கே யார்? நண்டும் இறாலும் விற்ற காசை முந்தானையில் முடிந்து பள்ளிக் கட்டணம் கட்டாத தாய் யார்? எனவே, அந்த ஆசையின் நிழல்போல நம் வீடுகளுக்குள் வந்து அமர்ந்திருக்கிற ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அதுதான் மேற்படிப்புக்காக வாங்கிய கடன்.

கடன் நமக்குப் புதிதன்று. வலைக்குக் கடன், படகுக்குக் கடன், எஞ்சினுக்குக் கடன் என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும். அவர் சொன்னதே விலை. அதில் அநீதி உண்டு. ஆனாலும் மீன் படாத நாளில் வியாபாரி பொறுப்பார். கொடுப்பதற்கு மீன் இல்லை என்பது அவருக்கே தெரியும். வங்கித் தவணையோ வேறு வகை. முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் இறால் வரத்துக் குறைந்தாலும், புயல் எச்சரிக்கையால் பத்து நாள் கரையில் கிடந்தாலும் அது தேதி தவறாமல் வந்து நிற்கும். கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. தவணைக்குத் தடைக்காலம் கிடையாது.

ஆயினும் கல்விக்கடன் தீயது என்று நான் சொல்லவில்லை. வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஏழை வீட்டுப் பிள்ளை பட்டம் பெற வேண்டுமானால் நிலத்தை விற்க வேண்டும், அல்லது தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டும். அந்த நிலையை இத்திட்டம் மாற்றியது. மத்திய அரசு 2009-இல் வட்டி மானியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 4½ லட்ச ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளை தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசே ஏற்றது. இவற்றால் மேலே வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

துன்பம் எங்கே தொடங்கியது? தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டிப் பெருகின. பட்டதாரிகள் பெருகிய அளவுக்கு வேலை பெருகவில்லை. முதற்பட்டத்துக்கு வேலை இல்லை என்றதும், மேற்பட்டம் இருந்தால் கிடைக்கும் என்றார்கள். எம்.பி.ஏ., எம்.இ., வெளிநாட்டு எம்.எஸ். என்று பிள்ளைகள் மறுபடியும் கடன் வாங்கினார்கள். செவிலியர் படிப்பிலும் இதே கதைதான். கடன் வாங்கிப் படித்த செவிலியர்கள் கைக்கு எட்டாத சம்பளத்தோடு போராடிய காட்சியைக் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் நாடு கண்டது. மதுரையில் 2016-இல் பொறியியல் படித்த ஓர் இளைஞர், ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாய்க் கல்விக்கடனை வசூலிக்க வந்தவர்களின் நெருக்கடிக்குப் பின் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி நம் நெஞ்சை உலுக்கியது. இரண்டு லட்சம்! ஒரு பைபர் படகும் எஞ்சினும் வாங்கக்கூடப் போதாத தொகை. அதற்கு ஓர் உயிர் விலையாகலாமா?

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மேற்பட்டப் படிப்பு இரண்டு ஆண்டு. முதலாண்டு 3 லட்சம், இரண்டாமாண்டு 3 லட்சம், ஆக 6 லட்சம் கடன். வட்டி 11 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். நாம் அதை இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மூன்றாண்டில் வட்டி மட்டும் 1,65,000 ரூபாய் சேர்ந்துவிடும். அதை அசலோடு கூட்டினால் 7,65,000. பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 10,540 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 12½ லட்சத்துக்கும் மேல் ஆகும். முதல் தவணையில் 7,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். 3,500 ரூபாய்தான் அசலில் கழியும். பதினைந்து வருடமாக நீட்டினால் தவணை 8,700-ஆகக் குறையும். மொத்தமோ 15½ லட்சத்தைத் தாண்டும். முதல் வேலையில் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் பிள்ளை, சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக எதைக் கட்டும்?

இந்தக் கடன் பிள்ளையின் கடன் மட்டுமன்று என்பதையும் மறவாதீர்கள். 7½ லட்சம் வரை சொத்து ஈடு கேட்காமல் கடன் தருவதற்காக 2015-இல் உத்தரவாத நிதி ஒன்று ஏற்பட்டது. ஆனாலும் தகப்பனாரோ தாயாரோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பார்கள். தவணை தொடர்ந்து 90 நாள் தவறினால் அது வாராக்கடன் என்று எழுதப்படும். பிள்ளையின் பெயரோடு பெற்றோர் பெயரும் சிபில் பட்டியலில் கெடும். பிறகு தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டாலும் தடை, படகுக்குக் கேட்டாலும் தடை. அவமானத்துக்கு அஞ்சி மீட்டர் வட்டிக்கு வாங்கி வங்கித் தவணையைக் கட்டுகிற வீடுகளும் உண்டு. அது கரையில் மூழ்காமலிருக்க நடுக்கடலுக்குப் போவதைப் போன்றது.

இது நம் கரையோடு நிற்கும் துன்பமும் அன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் அதிகமானோர் கல்விக்கடனில் இருக்கிறார்கள். அதன் மொத்தம் 1.6 லட்சம் கோடி டாலரையும் கடந்தது. அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அந்நாட்டு அரசு வகுத்த திட்டத்தை 2023 ஜூனில் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. நம் நாட்டிலும் தேர்தல் வந்தால் தள்ளுபடிப் பேச்சு எழும். வந்தால் மகிழ்ச்சி. வருமென்று நம்பித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வட்டி யாருடைய வாக்குறுதிக்கும் காத்திருக்காது.

அன்பர்களே, திருமறை இதைப்பற்றி என்ன சொல்கிறது? அரசர்கள் இரண்டாம் நூலில் ஒரு விதவையைக் காண்கிறோம். கணவர் இறந்துபோனார், கடன் கொடுத்தவன் அவளுடைய இரு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். அவள் எலிசேயு இறைவாக்கினரிடம் ஓடி வந்து முறையிடுகிறாள். அவள் வீட்டில் இருந்தது கொஞ்சம் எண்ணெய் மட்டுமே. அண்டை வீடுகளில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொல்கிறார் இறைவாக்கினர். அத்தனை பாத்திரமும் நிரம்புகிறது. எண்ணெயை விற்றுக் கடனை அடைக்கச் சொல்கிறார். மீதியில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொல்கிறார்.

இந்தப் புதுமையில் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். அவள் தன் கடனை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னாள். அண்டை வீட்டார் பாத்திரம் கொடுத்தார்கள். கடன்காரி என்று கதவைச் சாத்தவில்லை. நம் ஊரில் இவ்விரண்டும் நடக்கின்றனவா? வேலை கிடைக்காத பிள்ளை பண்டிகைக்கும் ஊருக்கு வராமல் ஒளிந்திருக்கிறான். வந்தால், "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டே கொன்றுவிடுகிறோம்.

யூபிலி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். லேவியர் நூலின்படி ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும். வறுமையால் விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்பும். கடனால் தன்னையே விற்றவன் விடுதலையாகித் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். திருத்தந்தை பிரான்சிஸ் 2025-ஆம் யூபிலி ஆண்டை அறிவித்த மடலில், ஏழை நாடுகளின் கடனைச் செல்வ நாடுகள் மன்னிக்க வேண்டுமென்று கேட்டார். வங்கிக் கடனை மன்னிக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் கடன்பட்டவனைக் குடும்பத்துக்கும் பங்குக்கும் திரும்ப அழைத்துக்கொள்ள நமக்கு எந்த அதிகாரமும் தேவையில்லை.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், இனிமேல் கடன் வாங்கப் போகிறவர்களுக்கு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்றார் நம் ஆண்டவர். கல்லூரியின் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். சென்ற ஆண்டு அங்கே படித்து முடித்த நான்கு பேரைத் தேடிப்பிடித்து என்ன சம்பளம் என்று கேளுங்கள். அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்காவிட்டால் அந்தப் படிப்பு வேண்டாம். பொன்னேரியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது. அருகில் இருப்பதால் அவற்றின் அருமை குறைந்துவிடாது. வட்டி மானியத்துக்கு உங்கள் பிள்ளை தகுதியுடையவரா என்று கையெழுத்துப் போடும் முன்பே வங்கியில் கேளுங்கள்; வருமானச் சான்றிதழைக் காலத்தோடு கொடுங்கள். 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேரும் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தினருக்கும் வட்டிச் சலுகை உண்டு.

அடுத்து, கடனில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. ஒளியாதீர்கள். தவணை தவறும் முன்பே வங்கி மேலாளரைப் பாருங்கள். எழுத்து மூலம் கேளுங்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணை விடுப்புத் தரவும், தொடக்கத்தில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் கட்ட அனுமதிக்கவும், பதினைந்தாண்டு வரை நீட்டிக்கவும் வங்கிகள் சங்கத்தின் திருத்திய மாதிரித் திட்டம் இடம் தருகிறது. கேட்காதவனுக்கு அது கிடைக்காது. வசூலிக்க வருகிறவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகக் கட்டளையிட்டிருக்கிறது. மீறினால் வங்கியில் புகார் கொடுங்கள்; தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்; அதற்குக் கட்டணமில்லை. மனம் உடைந்த பிள்ளைகளே, எந்த நள்ளிரவிலும் வீட்டாரையோ நண்பரையோ பங்குத்தந்தையையோ எழுப்புங்கள். நீங்கள் கட்டாத தவணையைவிட நீங்கள் எங்களுக்கு மிகமிக விலையுயர்ந்தவர்கள்.

மூன்றாவதாக, நம் பங்குக்கு. யூபிலி நினைவாக ஆலய முகப்பில் வளைவு கட்டவும் மின்விளக்கு அலங்காரம் செய்யவும் நிதி திரட்டியிருக்கிறோம். நல்லதுதான். அந்த நிதியில் ஒரு பகுதியைப் படிக்கும் பிள்ளைகளின் வட்டிக்கென்று ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முன்னே சொன்ன கணக்கில், முதலாண்டில் மாதம் 2,750 ரூபாயும் பிறகு 5,500 ரூபாயும் வட்டியாக உடனுக்குடன் கட்டிவந்தால் கடன் 6 லட்சத்திலேயே நிற்கும். மாதத் தவணையும் 10,540-லிருந்து 8,270-ஆகக் குறையும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 விழுக்காடு வரை சலுகை தரவும் திட்டத்தில் இடமுண்டு. பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் அந்தப் பணத்தை வட்டியில்லாமல் நிதிக்குத் திருப்பட்டும். அடுத்த பிள்ளைக்கு அது உதவும். வங்கி விவரம் தெரிந்த மூவர், மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் அமர்ந்து, படிவம் நிரப்பவும் வங்கிக்குத் துணை போகவும் முன்வரட்டும்.

வளைவு கொஞ்சம் சிறியதாக அமையலாம். அன்னை மரியாள் அதற்காக வருந்தமாட்டாள். கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்தபோது, வீட்டாரின் மானம் போகுமுன் குறிப்பறிந்து மகனிடம் சொன்னவள் அவள். நம் வீடுகளில் தீர்ந்துபோனதையும் அவள் அறிவாள். அண்டை வீட்டுக் குறையை அவளைப்போலக் குறிப்பறிந்து, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவோம். நிரப்புகிறவர் ஆண்டவர்.

யூபிலி நாயகராம் இறைவன் நம் பிள்ளைகளையும் பங்கையும் ஆசீர்வதிப்பாராக.