நகரவாசியின் கிராமவாசம்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நம்மிடையே, ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்துப் பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் நிலத்தில் வந்து நிற்கிறது. "ஓசூருக்கு அப்பால் இரண்டு ஏக்கர் வருகிறதாம்" என்பார் ஒருவர். "மாலூர்ப் பக்கம் பார்த்தீர்களா?" என்பார் மற்றவர். ஒரு கிணறு, நாலு தென்னை, ஒரு கறவைப்பசு, விடியற்காலையில் பறவைகளின் குரல். இவ்வளவுதான் நாம் வேண்டுவது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் முப்பது ஆண்டுகள் வாடகை வீட்டில் கழித்தவருக்கு இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. நம்முள் பலருடைய பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலும் தருமபுரியிலும் ஏர் பிடித்தவர்களே. ஆனால் பாட்டன் உழுதான் என்பதனால் பேரனுக்கு உழவு வந்துவிடுவதில்லை. உழவாவது கற்றுக்கொண்டால் வரக்கூடியது. கிராமத்தில் வாழ்வது அதனினும் அரிய வித்தை.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, இதே பெங்களூருக்குக் கிழக்கே, அது ஒரு பெருந்திட்டமாக உருக்கொண்டது. ஒயிட்ஃபீல்டு என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயர் அத்திட்டம் விட்டுச்சென்ற பெயரே. சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களின் சங்கத்தை முன்னின்று நடத்திய டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட் என்பவர், தம் சமூகத்தார் சர்க்கார் உத்தியோகத்தையே நம்பியிருப்பது நல்லதன்று என்று கருதினார். மேசையில் அமர்ந்து எழுதிப் பிழைத்தவர்கள் சொந்த நிலத்தில் பயிரிட்டு வாழ வேண்டும் என்பது அவர் எண்ணம். 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் அச்சங்கத்தின் மைசூர், குடகுக் கிளைக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரும் ரயில் பாதையும் அருகிலேயே இருந்தது. நிலம் உண்டு, சந்தைக்கு வழி உண்டு, அரசரின் ஆதரவும் உண்டு. இதற்குமேல் என்ன வேண்டும்?

அக்குடியிருப்பின் அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நடுவே ஒரு புல்வெளித் திடல். அதைச் சூழ்ந்து வட்டமாக வீதி. அதற்கு வெளியே மற்றொரு வட்டம். இன்னர் சர்க்கிள், அவுட்டர் சர்க்கிள் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1886ஆம் ஆண்டைச் சேர்ந்த மெமோரியல் தேவாலயமும் இருக்கிறது. பார்க்க அழகான ஏற்பாடுதான். ஆயினும் அந்த வீடுகள் எல்லாம் திடலை நோக்கி, அதாவது ஒன்றையொன்று நோக்கி நின்றன. சுற்றியிருந்த பழங்கிராமங்கள் அவற்றின் முதுகுப்புறத்தில் இருந்தன. பயிர்த்தொழில் குடியேற்றமாக அத்திட்டம் எண்ணியபடி வேர்கொள்ளவில்லை. நாளடைவில் அது ஓய்வுபெற்றவர்கள் அமைதியாக நாள் கழிக்கும் சிற்றூராயிற்று. 1990களில் கணினித் தொழில் வந்து சேர்ந்தபின் அந்த அமைதியும் போயிற்று. 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் அங்கே எட்டிவிட்டது. கிராமத்தைத் தேடி நகரவாசிகள் சென்ற இடத்தை நகரமே தேடிச் சென்று விழுங்கிவிட்டது.

அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. 1933இல் எர்னெஸ்ட் திமொதி மக்ளஸ்கி என்பவர் ராஞ்சிக்கு அருகே பத்தாயிரம் ஏக்கரில் இதே கனவை மீண்டும் விதைத்தார். சில நூறு குடும்பங்கள் வந்தன. பெரும்பாலோர் பின்னர் வெளியேறினர். இரண்டிடத்திலும் நிலம் போதாமற் போகவில்லை. நகரத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் வயலின் நடுவே வைத்தார்கள் என்பதே நமக்குத் தோன்றும் காரணம்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நமக்குத் தெரிந்ததே. ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்று, சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக விளங்கி, அந்நகரசபையின் தலைவராகவும் இருந்த ராஜாஜி அவர்கள், 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி அங்கேயே குடிசையில் வாழத் தொடங்கினார். வானம் பார்த்த பூமி அது. தீண்டாமை பாராட்டாது எல்லோரும் ஒன்றாக உண்டு உறங்கிய ஆசிரமம் ஆதலால், சுற்றுப்புறத்தில் முதலில் வரவேற்பைவிட வெறுப்பே மிகுதி. ஆனால் மழை பொய்த்த காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் நூற்ற நூலுக்குக் காசு கிடைத்தது. நோயாளிக்கு மருந்து கிடைத்தது. ஆசிரமம் ஊருக்கு எதற்கு என்ற கேள்விக்கு ஊராரே விடை கண்டுகொண்டனர். கள்ளுக்கு எதிராக அங்கிருந்து வெளிவந்த 'விமோசனம்' பத்திரிகையில் கல்கி அவர்கள் உழைத்ததும் அறிந்த செய்திதான். எல்லோரும் ராஜாஜி ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. அவர் வயல் வாங்கிக்கொண்டு போகவில்லை, வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனார் என்பதை மட்டும் நாம் கவனித்தாற் போதும்.

இன்றைய நிலைக்கு வருவோம். கர்நாடகத்தில் வேளாண்குடியல்லாதவர் விளைநிலம் வாங்குவதை 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வெகுகாலம் தடுத்து வந்தது. அந்தப் பிரிவுகள் 2020இல் நீக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லாமையால், முன்பெல்லாம் நம்மவர் கண் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டித் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றதற்கு அதுவும் ஒரு காரணம். இப்பொழுது இருபுறமும் கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவு வழியே நுழைந்தவுடன் பெரும்பாலோர் செய்யும் முதற்காரியம் சுற்றுச்சுவர் எழுப்புவது. இரண்டாவது காரியம் ஆழ்துளைக் கிணறு தோண்டுவது. சில இடங்களில் நிலத்தை விற்ற குடியானவரே மாதச் சம்பளத்துக்கு அந்நிலத்தின் காவலாளியாக நிற்கிறார். அவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கும் காட்சி நம் கண்ணுக்கு நன்றாக இல்லை.

கோலார்ச் சீமையில் ஆயிரம் அடிக்குக் கீழே துளையிட்டும் நீர் காணாத கிணறுகள் உண்டு. பக்கத்து நிலத்தாருடைய பழைய கிணறு வற்றும்படி நாம் ஒன்று தோண்டினால், அந்தக் குற்றத்தை ஊர் வாய்விட்டுச் சொல்லாது, மறக்கவும் மறக்காது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போட வேண்டும். பட்டணத்தில் கடிகாரம் நம்மை ஆள்கிறது என்று குறைபட்டுக்கொண்டோம். இங்கேயோ கடிகாரமே இல்லாத எஜமானர்கள்: மழை, மின்சாரம், கூலியாள், பசு. இவர்களிடம் விடுமுறைக்கு விண்ணப்பம் செல்லாது.

இப்பகுதியின் முக்கியப் பயிர் கேழ்வரகு. ஆனி ஆடியில் விதைத்துக் கார்த்திகை மார்கழியில் அறுப்பார்கள். வரிசைகளுக்கு இடையே அவரையும் துவரையும் கடுகும் ஊடுபயிராக விடுவதைக் கன்னடத்தார் அக்கடிச் சால் என்கிறார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். கதிர் முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கு யானைகள் வந்துவிடும். அப்போது குடியானவர்கள் பரண்மீது இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எல்லைக் கிராமங்களில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு வருகின்றன. பெங்களூரில் இத்தனை காலம் இருந்தும் கன்னடம் பேசக் கூசுகிறவர் அந்தத் திண்ணையில் எந்த ஓரத்தில் உட்கார்வார்?

கன்னட நாட்டுக் கிராமங்களில் முய்யி என்று ஒரு சொல் உண்டு. திருமணத்தில் கொடுத்துத் திரும்பப் பெறும் நம்முடைய மொய்யைப் போன்றதே அது. வயல் வேலையிலும் அவ்வழக்கம் இருக்கிறது. இன்று உன் வயலில் என் வீட்டார் களை எடுத்தால் நாளை என் வயலுக்கு உன் வீட்டார் வர வேண்டும்; அவ்வாறு வருபவருக்கு முய்யாள் என்று பெயர். கூலியாட்கள் ஆலைகளுக்குப் போய்விட்ட இந்நாளில் இந்த வழக்கம் பலவிடங்களில் தேய்ந்துவிட்டது. சிறு குடியானவர்களிடையே முற்றும் மறையவில்லை. நகரத்திலிருந்து சென்றவருக்கு உள்ள மெய்யான இடர்ப்பாடு இங்கேதான். அறுபது வயதில் அவர் யாருடைய வயலில் இறங்கிக் களை எடுக்க முடியும்? பணம் கொடுக்கலாம். பணம் கொடுப்பவருக்கு ஆள் வருவான், முய்யாள் வரமாட்டான்.

எனினும் அவரிடம் வேறு சரக்கு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு பழகியவருக்கு மனு எழுதத் தெரியும். பட்டா மாறாமல் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் விதவைக்கு அந்த மனு ஒரு நாள் களையெடுப்புக்குச் சமானம். தொழிற்சாலையில் பொருத்துநராக இருந்தவர் மோட்டாரைப் பழுது பார்க்கலாம். வண்டி வைத்திருப்பவர் இரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். கணக்கு வாத்தியாரம்மா திண்ணையில் உட்கார்ந்தாலே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இன்னொன்று: கிராமவாசத்தைக் கனவு காண்பவர் பெரும்பாலும் கணவர், தண்ணீரும் மருந்தும் மளிகையும் எங்கிருந்து வரும் என்று எண்ணிப்பார்ப்பவர் மனைவி. அந்த அம்மையாரைக் கேளாமல் பத்திரம் பதிவு செய்யாதிருப்பது குடும்ப நன்மைக்கு உகந்தது.

போக விரும்புகிறவர் உடனே நிலம் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஊருக்குள்ளேயே, சுவர் சேர்ந்த வீடுகளின் நடுவே, ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து ஆனி முதல் வைகாசி வரை ஒரு முழு ஆண்டு இருந்து பார்க்கலாம். மார்கழியில் அவரைக்காய் மணக்கும்போது எல்லா ஊரும் நல்ல ஊர்தான். பங்குனி சித்திரையில் குழாயடியில் குடங்கள் வரிசை நிற்கும்போது, நம் குடத்தை யாரேனும் நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிலத்தின் விலையை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.