மறுபிறப்பு: முற்பிறவியிலிருந்து வரலாற்றுக்கு



1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தம் மக்களை 22 உறுதிமொழிகள் ஏற்க வைத்தார். இன்று நாம் மறுபிறப்பு எடுக்கிறோம் என்பது அவற்றில் ஒன்று. முற்பிறவிக் கர்மாவை ஏற்க மறுத்தவர் ஏன் மறுபிறப்பைப் பேசினார்? இந்த நினைவுச் சொற்பொழிவில் அதையே நாம் யோசிக்கலாம்.

முதலில் எதை மறுத்தார் என்று பார்ப்போம். நல்ல நடத்தையுள்ளவர் பிராமணர், சத்திரியர், வைசியர் ஆகியோரின் கருவில் பிறப்பார். கெட்ட நடத்தையுள்ளவர் நாய், பன்றி, சண்டாளர் ஆகியோரின் கருவில் பிறப்பார் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். மனுஸ்மிருதியின் 12ஆம் அத்தியாயம் எந்தப் பாவத்துக்கு எந்தப் பிறவி என்று பட்டியலே தருகிறது. பிறப்பே தீர்ப்பு என்றாகிவிட்டால், ஒடுக்குகிறவர் வெறும் தண்டனையை நிறைவேற்றுபவர் ஆகிவிடுவார். அவரைக் குற்றவாளி என்று யார் சொல்வது?

புத்தரும் கர்மம் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் சடங்கையோ குலத்தையோ சொல்லவில்லை. செய்பவரின் எண்ணத்தைக் கர்மம் என்றார். மனிதர் படும் துன்பம் எல்லாம் முன்வினைதானா என்று மோலிய சீவகர் என்ற பரிவிராசகர் கேட்டபோது, இல்லை என்றார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம், பிறர் தாக்குதல் என்று காரணங்களைப் பிரித்துக் காட்டினார். வினைப்பயன் அவற்றுள் ஒன்று மட்டுமே. பிறர் தாக்குதலை அவர் தனிக் காரணமாகச் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும்.

அதேசமயம், பௌத்த நூல்களில் சிக்கல் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. செருக்கோடு நடப்பவர் மறுபிறவியில் தாழ்ந்த குலத்தில் பிறப்பார் என்று பாலி சுத்தம் ஒன்று சொல்கிறது. நம் மணிமேகலையிலும் முற்பிறவிக் கதைகள் நிறைய உண்டு. ஆனால் அமுதசுரபியோடு நிற்கும் மணிமேகலை, பசித்தவர் முன்பு என்ன பாவம் செய்தார் என்று கேட்பதில்லை. சோறு போடுகிறாள்.

அம்பேத்கர் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே, ஆன்மா இல்லை என்றால் கர்மாவும் மறுபிறப்பும் எப்படி என்று கேட்கிறார். முன்வினையை அடுத்த பிறவிக்குச் சுமந்து செல்ல ஆன்மா இல்லை என்பது அவர் வாதம். கர்மம் என்பது இந்த வாழ்வின் அறவொழுங்கு. முற்பிறவியைக் காரணம் காட்டினால், ஏழைகளின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும் என்பதையும் அவர் சுட்டினார்.

அவருக்கு முன்பே, 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் குறித்த நூலில் அம்பேத்கரும் தீண்டாமையின் தோற்றத்தை வரலாற்றில் தேடினார். இருவரின் முடிவுகளோடும் ஆய்வாளர்கள் வாதிடலாம். ஆனால் இருவரும் ஒரு பெரிய வேலையைச் செய்தார்கள். முற்பிறவி இருந்த இடத்தில் வரலாற்றை வைத்தார்கள். முற்பிறவியை யாரும் விசாரிக்க முடியாது. வரலாற்றை விசாரிக்கலாம், அதை மாற்றவும் போராடலாம்.

இது ஏட்டு விவாதம் அல்ல. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒருவர் மூச்சுமுட்டிச் சாகும்போது, தலையெழுத்து என்கிறது ஊர். அந்தச் சொல்லில் ஒப்பந்ததாரரும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செயல்படுத்தாத அதிகாரியும் தப்பிவிடுகிறார்கள். துக்கத்தில் இருக்கும் தாய் அப்படிச் சொன்னால் நாம் அவரோடு வாதிடப் போவதில்லை, பக்கத்தில் உட்காருவோம். ஆனால் இறக்கிவிட்டவர் யார், வழக்குப் பதிவானதா, 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்திய 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வந்ததா என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

நாகபுரியில் சொன்ன மறுபிறப்பு சாவுக்குப் பிறகு வருவது அல்ல. விதி என்று தலைகுனிந்தவர், இதைச் செய்தது யார் என்று கேட்கத் தொடங்கும் நாளில் அது நடக்கிறது.